ஒரு நத்தை, 113 பெயர்கள்

கடல் உயிரினங்களுக்கு விஞ்ஞானிகள் சூட்டிய பெயர்களையெல்லாம் திரட்டி, எது செல்லும், எது செல்லாது என்று சரிபார்க்கும் வேலையை உலகக் கடல் உயிரினப் பதிவேடு செய்துவருகிறது. பல நாட்டு வகைப்பாட்டியல் அறிஞர்கள் கூடி நடத்தும் பதிவேடு அது. 2015-இல் அவர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அதுவரை நூல்களில் ஏறியிருந்த பெயர்கள் சுமார் 4,19,000. அவற்றில் 1,90,000-க்கும் மேற்பட்டவை, ஏற்கெனவே பெயருள்ள உயிரினத்துக்குத் தெரியாமல் மறுபடி வைத்தவை. கிட்டத்தட்டப் பாதி. இந்தக் குழப்பத்தில் முதல் பரிசு ஒரு நத்தைக்குக் கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தின்மேல் உட்கார்ந்துவிடக்கூடிய அந்த நத்தையின் செல்லுபடியாகும் பெயர் லிட்டோரினா சாக்ஸாடிலிஸ். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் அதற்கு வைத்த பெயர்கள் 113.

முதலில் பெயர் வைத்தவர் ஜுசெப்பே ஒலிவி என்ற இத்தாலிய இயற்கையியலாளர். ஆண்டு 1792. வெனிஸ் நகரைச் சூழ்ந்த காயலில் கிடைத்த நத்தையைப் பார்த்து அவர் எழுதினார். இதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த நத்தையின் சொந்த ஊர் வட அட்லாண்டிக். ரஷ்யாவின் வெண்கடல், நார்வே, ஐஸ்லாந்து, பிரிட்டன், ஸ்பெயினின் வடமேற்கு, எதிர்க்கரையில் கனடா, அமெரிக்காவின் கிழக்கு ஓரம் என்று குளிர்ந்த கரைகளில் கொத்துக்கொத்தாகக் கிடக்கும். மத்தியதரைக் கடலில் அரிது. ஏராளமாக வாழும் இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, எப்படியோ போய் ஒதுங்கிய ஒரு மூலையில் அதற்குப் பெயர் கிடைத்திருக்கிறது. வடக்கே இருந்தவர்கள் தங்கள் கரையில் கண்டதையெல்லாம் புதிது என்று நினைத்தார்கள். ரூடிஸ், டெனிப்ரோசா, ஜுகோசா, பட்டுலா, நெக்லெக்டா என்று பட்டியல் நீண்டது. இவற்றில் நெக்லெக்டா என்பது கொட்டலசுகளின் காலிக் கூடுகளுக்குள் குடியிருக்கும் குள்ள நத்தை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்வதற்குள் பருவமடைந்துவிடும். அதையும் அதன் பெரிய உறவினரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று எவருக்கும் தோன்றாது.

பெயரிட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் இருந்தது ஓடு மட்டும். சேகரிப்புப் பெட்டியில் சதை நிற்காது. அந்தக் காலத்தில் நத்தை ஆராய்ச்சி என்பதே பெரும்பாலும் ஓட்டு ஆராய்ச்சிதான். இந்த நத்தையின் ஓடோ உருண்டையாக இருக்கும், கூராக இருக்கும், கனத்திருக்கும், மெலிந்திருக்கும், வரியோடியிருக்கும், வழவழப்பாக இருக்கும். கறுப்பு, மஞ்சள், வெள்ளை, கட்டம் போட்டது என நிறத்துக்கும் கணக்கில்லை. இதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறினால் பரவாயில்லை, ஒரே கரையில் பாறைக்குப் பாறை மாறுகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் ரீட், 1996-இல் லிட்டோரினா பேரினம் முழுவதையும் ஆராய்ந்து எழுதிய பெருநூலில்தான் இந்தப் பெயர்க்காடு ஓரளவு சீராயிற்று.

ஓட்டை நம்பினால் எதிர்ப்பக்கமாகவும் ஏமாறலாம். இதே நத்தை என்று எல்லாரும் நினைத்துவந்த கூட்டத்துக்குள் இன்னொரு இனம் ஒளிந்திருந்தது. 1978-இல் அதைப் பிரித்து லிட்டோரினா ஆர்கானா என்று பெயரிட்டார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஓட்டை உடைத்துப் பெண் நத்தையின் உடலைத் திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆர்கானா முட்டையிடும். சாக்ஸாடிலிஸ் குட்டி போடும். ஆக, ஒரே இனம் நூறு உருவம் காட்டுகிறது. இரண்டு இனங்கள் ஒரே உருவம் காட்டுகின்றன. இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம் அந்தக் குட்டி போடும் பழக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். அதற்கு வருவதற்கு முன் ஓடு எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம்.

நத்தையின் உடலைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற சதைமடிப்பின் விளிம்புதான் ஓட்டைக் கட்டுகிறது. முதலில் புரதத்தாலான மெல்லிய வெளித்தோல். அதன் உட்புறத்தில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் புரத இழைகளோடு கலந்து அடுக்கடுக்காகப் படியும். நீளுவது எப்போதும் வாய் விளிம்பில்தான். தடிப்பதற்கு உட்புறத்திலிருந்து கூடுதல் அடுக்கு பூசிக்கொள்ளும். ஒருமுறை கட்டிய பகுதியை நத்தை இடிப்பதில்லை, மாற்றுவதில்லை. ஆகவே ஓட்டின் உச்சியில் இருக்கும் சிறு புள்ளி அது பிறந்த அன்று சுமந்திருந்த ஓடு. கீழே வரவர வயது கூடும். நடுவில் எங்காவது ஒரு வடு இருந்தால், அந்த வயதில் எதுவோ அதைக் கடித்து, அது பிழைத்து, உடைந்த விளிம்பை ஒட்டுப்போட்டு மேலே வளர்ந்திருக்கிறது என்று பொருள்.

உருவத்தைத் தீர்மானிப்பது சில விகிதங்கள்தாம். ஒரு சுற்று முடியும்போது வாய் எத்தனை மடங்கு பெரிதாகிறது, சுருளின் அச்சிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, அச்சின் வழியே எவ்வளவு கீழிறங்குகிறது, வாயின் வடிவம் என்ன. இந்தச் சுருள் கணக்குக்குக் கட்டுப்பட்டது என்று ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1838-லேயே காட்டியிருந்தார். 1966-இல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் டேவிட் ராப் இந்த எண்களைக் கணினியில் கொடுத்து, இருக்கக்கூடிய எல்லா ஓடுகளையும் வரைந்து பார்த்தார். இயற்கை அவற்றில் ஒரு சிறு பகுதியை மட்டுமே பயன்படுத்தியிருந்தது. நமக்கு வேண்டிய செய்தி இதில் ஒன்றுதான்: விகிதத்தில் சிறு மாற்றம் போதும், கண்ணுக்கு வேறு இனமாகத் தெரியும் ஓடு வந்துவிடும்.

ஸ்வீடனின் மேற்குக் கரையில் கோஸ்டர் தீவுக்கூட்டம் இருக்கிறது. அருகிலேயே கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் ஷார்ணோ கடல் ஆய்வகம். செர்ஸ்டின் யோகான்னெசன் பல பத்தாண்டுகளாக அங்கே இந்த ஒரே நத்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கரையில் இரண்டு விதமான வீடுகள் உண்டு. காற்றுக்கு மறைவான விரிகுடாக்களில் உருண்டைக் கற்கள் குவிந்து கிடக்கும். கற்களுக்கு இடையே நண்டுகள். முனைகளில் கடலைப் பார்த்து நிற்கும் மொட்டைப் பாறைகள். அங்கே ஓயாத அலை, நண்டு நிற்க முடியாது. இரண்டிலும் சாக்ஸாடிலிஸ் வாழ்கிறது. ஆனால் ஒன்றுபோல இல்லை.

நண்டுப் பக்கத்து நத்தை பெரியது. ஓடு தடித்தது, வாய் சிறுத்தது. அலைப் பக்கத்து நத்தை நீளத்தில் ஏறக்குறைய அதில் பாதி. ஓடு மெல்லியது, வாய் அகன்றது. ஆய்வாளர்கள் இவற்றை நண்டு வகை, அலை வகை என்றே அழைக்கிறார்கள். காரணத்தைப் புரிந்துகொள்ள எதிரியைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கரைநண்டுக்கு இரண்டு கொடுக்குகளில் ஒன்று நொறுக்குவதற்கென்றே தடித்திருக்கும். சிறு நத்தையை அப்படியே நசுக்கிவிடும். பெரியதாக இருந்தால் வாய்க்குள் கொடுக்கின் நுனியைச் செருகி விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும், அல்லது சதையைப் பிடித்து இழுக்கும். ஓடு தடித்திருந்தால் நசுக்க முடியாது. வாய் சிறுத்திருந்தால் செருக முடியாது. பெரிய உடம்பே ஒரு பாதுகாப்பு.

அலையடிக்கும் பாறைக்கு இதே நத்தையைக் கொண்டுபோனால் இத்தனை பாதுகாப்பும் பாரமாகிவிடும். பெரிய ஓட்டை அலை எளிதாகப் பிடித்துத் தள்ளும். சிறிய வாய் வழியாகச் சிறிய பாதம்தான் வெளியே வரும், பிடிமானம் போதாது. அலை வகைக்கு அகன்ற வாய், அதன் வழியே அகன்ற பாதம். உடல் சிறியதாக இருப்பதால் பாறை வெடிப்பிலும் கொட்டலசுக் கூட்டிலும் புகுந்துகொள்ளும். நண்டு இல்லாத இடத்தில் சுவரைத் தடிப்பாக்கக் கால்சியத்தையும் புரதத்தையும் செலவழிப்பதில் லாபமில்லை.

குணமும் மாறுகிறது. இரண்டையும் கையால் சீண்டிவிட்டுப் பார்த்தால், நண்டு வகை உள்ளே இழுத்துக்கொண்டு, கொம்புத் தன்மையுள்ள மூடியால் வாயை அடைத்து, நெடுநேரம் வெளியே தலைகாட்டாது. அலை வகை சீக்கிரமே வெளியே வந்து பாதத்தை ஊன்றிவிடும். நண்டு சுற்றும் இடத்தில் அவசரப்பட்டால் சாவு. அலை மோதும் இடத்தில் தாமதித்தால் சாவு. இந்த விவரம்தான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது. ஓடு மட்டும் மாறினால் போதாது, அதற்குள் இருப்பவரின் பயமும் அளந்து வைத்ததுபோல மாற வேண்டியிருக்கிறது.

ஓட்டைப் பார்த்து எதிரியைப் படிப்பது என்ற கலையைப் பெரிதாக வளர்த்தவர் கீரட் வெர்மை. 1946-இல் நெதர்லாந்தில் பிறந்து, மிகச் சிறு வயதிலேயே பார்வையை முழுவதும் இழந்தவர். அமெரிக்காவில் குடியேறி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஓடுகளை விரல்களால் தடவியே ஆராய்ந்தவர். பசிபிக், இந்தியப் பெருங்கடல் ஓடுகளின் தடிப்பும் வாய்க் குறுக்கமும் அட்லாண்டிக் ஓடுகளில் அந்த அளவுக்கு இல்லை என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்தது. எதிரிகளின் கடுமை இடத்துக்கு இடம் வேறுபடுவதோடு அதைச் சேர்த்து யோசித்தார். 1977-இல் அவர் எழுதிய கட்டுரை, டைனோசர்கள் காலத்துக் கடல்களில் ஓடு நொறுக்கும் நண்டுகளும் மீன்களும் பெருகியதையும், அதே காலத்தில் நத்தைகளின் ஓடுகள் கோட்டைகளாக மாறியதையும் இணைத்துக் காட்டியது. ஸ்வீடன் கரையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே நடப்பது அதன் சிறு பதிப்பு.

எல்லா எதிரியையும் ஓடு தடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மைக்ரோஃபாலஸ் என்ற தட்டைப்புழு உண்டு. அதன் முட்டை கடற்காகத்தின் எச்சத்தில் இருக்கும். பாறையின் பாசிப்படலத்தைத் தன் பல்வரிசை நாக்கால் சுரண்டித் தின்னும்போது நத்தை அதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. புழு உள்ளே பெருகி இனப்பெருக்க உறுப்பைத் தின்றுவிடும். நத்தை உயிரோடு இருக்கும், மேயும், மூடியை மூடும். ஆனால் சந்ததி கிடையாது. கடற்காகம் அதைத் தின்றால் புழுவின் சுற்று முடிந்தது. மேலே சொன்ன கோட்டையை நத்தை இப்போது புழுவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

சரி, ஸ்வீடன் கரையில் நண்டுப் பக்கத்துக்கும் அலைப் பக்கத்துக்கும் நடுவே சில பத்து மீட்டர்தான் தூரம். அவ்வளவு அருகில் எப்படி இரண்டு உருவங்கள் கலந்துபோகாமல் நிற்கின்றன?

பெரும்பாலான கடல் நத்தைகளில் இது நடக்காது. அவற்றின் குஞ்சுகள் நீரில் மிதக்கும். சாக்ஸாடிலிஸின் பெரிய உறவினரான லிட்டோரினா லிட்டோரியாவை எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் வேகவைத்து ஊசியால் குத்தியெடுத்துத் தின்கிறார்களே, அந்த நத்தை. அது முட்டைகளைச் சிறு பொதிகளாகக் கடலில் விட்டுவிடும். பொரித்த இளம் உயிர்கள் வாரக்கணக்கில் மிதந்து, எங்கோ ஒரு கரையில் இறங்கும். தாய் நண்டுக் கரையில் பிழைத்தவள் என்பது குஞ்சுக்குப் பயன்படாது. அது எங்கே இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாக் கரைகளின் மரபணுக்களும் தலைமுறைக்குத் தலைமுறை கலந்துவிடுகின்றன. லிட்டோரியா எங்கும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

சாக்ஸாடிலிஸ் குஞ்சுகளைக் கடலில் விடுவதில்லை. தாயின் ஓட்டுக்குள், ஒரு பையில், ஒரே நேரத்தில் சில நூறு கருக்கள் வெவ்வேறு வயதில் வளரும். வெளியே வரும்போது ஒவ்வொன்றும் சுமார் அரை மில்லிமீட்டர் நீளத்தில், ஓடும் மூடியும் உள்ள முழு நத்தை. தாய் நின்ற பாறையிலேயே ஊர்ந்து மேயத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் அடையாளமிட்டுக் கவனித்தாலும் ஒரு நத்தை சில மீட்டருக்கு மேல் போவதில்லை. பாட்டி வாழ்ந்த பாறையில் பேத்தி வாழ்கிறாள். அந்தப் பாறை எதைக் கேட்கிறதோ அதற்கேற்ற ஓடு உள்ளவை பிழைத்து, அதே பாறையில் பெற்றுப்போடுகின்றன. வெளியூர் மரபணு வந்து கலப்பது குறைவு. ஒவ்வொரு பாறையும் தனக்கென ஒரு நத்தையைச் செதுக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. 113 பெயர்களும் இந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தவைதான்.

நகராத உயிர் என்றால் பரவலாக இருக்கக் கூடாது அல்லவா? இங்கேதான் இந்த நத்தை எல்லாரையும் திகைக்கவைக்கிறது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, வட அட்லாண்டிக்கில் ராக்கால் என்று ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது. அடிப்பகுதி அகலம் சுமார் 25 மீட்டர், உயரம் 17 மீட்டர். மிக அருகில் உள்ள தீவு 300 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே மிதக்கும் குஞ்சுகளை விடும் லிட்டோரியா இல்லை. குட்டி போடும் சாக்ஸாடிலிஸ் இருக்கிறது. யோகான்னெசன் 1988-இல் இதை ராக்கால் முரண் என்று பெயரிட்டு விளக்கினார். மிதக்கும் குஞ்சுகள் எத்தனை ஆயிரம் வந்தாலும், அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாக அந்தப் பாறையில் இறங்கி வளர்ந்தாலும், அவை இணைசேர்ந்து இடும் முட்டைகளை அலை மறுபடி கடலுக்கே கொண்டுபோய்விடும். பாறைக்கு மக்கள்தொகை சேராது. சாக்ஸாடிலிஸ் பெண் ஒன்று, மிதக்கும் பாசிக்கொத்திலோ வேறெப்படியோ நூறாண்டுக்கு ஒருமுறை வந்து சேர்ந்தால் போதும். அவளுடைய குட்டிகள் அங்கேயே தங்கும்.

ஒரே தாயின் பிள்ளைகளால் ஒரு கூட்டம் உருவானால் மரபணு வறுமை வராதா என்று கேட்கலாம். அதற்கும் இந்த நத்தையிடம் விடை இருக்கிறது. 2010-இல் வெளியான ஆய்வொன்றில், பெண் நத்தைகளின் பையிலிருந்த கருக்களுக்குத் தந்தையர் யார் என்று மரபணுச் சோதனை செய்தார்கள். ஒரே பெண்ணின் கருக்களுக்கு 15 முதல் 23 வரை தந்தையர் இருந்தார்கள். கரையேறும் ஒரே ஒரு பெண், பிறந்த ஊரின் ஆண் கூட்டத்தில் ஒரு நல்ல மாதிரியைச் சுமந்துகொண்டு வருகிறாள்.

இந்த நத்தை பரவ மனிதர்களும் உதவியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தூண்டில் புழுக்களைப் பிடித்து, ஈரம் காயாமலிருக்கக் கடற்பாசியில் பொதிந்து நாடு முழுக்க அனுப்புவார்கள். பாசியோடு நத்தையும் போனது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் மீன்பிடித்தவர்கள் புழுவை எடுத்துக்கொண்டு பாசியை வீசினார்கள். 1990-களில் பார்த்தால், பசிபிக் கரையில் அட்லாண்டிக் நத்தை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் லாங்கபான் காயலிலும் அது இருக்கிறது. நம் பக்கத்துக்கு அது வந்ததில்லை. ஆனால் பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் அலையாத்தி மரங்களின் அடிமரத்திலும் இலையிலும் தண்ணீருக்கு மேலே ஏறி ஒட்டியிருக்கும் சிறு நத்தைகளைப் பார்த்திருக்கலாம். அவை இதே குடும்பத்தின் வெப்பமண்டல உறுப்பினர்கள்.

ஸ்வீடனில் கண்ட நண்டு-அலை நாடகம் ஸ்பெயினின் கலீசியா கரையில் வேறு அரங்கில் நடக்கிறது. ஸ்வீடனில் கடலின் ஏற்றவற்றம் மிகக் குறைவு; அதனால் இரண்டு வகைகளும் கரையோரமாக, அடுத்தடுத்த இடங்களில் பிரிந்திருக்கின்றன. கலீசியாவில் ஏற்றவற்றம் அதிகம். அங்கே ஒரே பாறையின் மேற்பகுதியில் நண்டின் தொல்லை, கீழ்ப்பகுதியில் அலையின் தாக்குதல். மேலே தடித்த, வரியோடிய பெரிய நத்தை. கீழே வழவழப்பான சிறிய நத்தை. நடுவில் சில மீட்டர் அகலத்தில் கலப்பினங்கள். இணை தேடும்போது தன் அளவுக்கு ஒத்ததையே நாடுவதால் கலப்பு இன்னும் குறைகிறது. மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், ஸ்வீடனின் நண்டு வகை ஸ்பெயினின் நண்டு வகையிலிருந்து வந்ததல்ல என்று கண்டார்கள். ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் நத்தைகளே தனித்தனியாக இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. ஒரே கேள்விக்கு இரண்டு கரைகளும் தாமே எழுதிய ஒரே விடை.

இதையெல்லாம் பரிணாமம் என்று சொல்லிவிடுவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். ஓடு தடிப்பது பரம்பரையா, பழக்கமா? கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போன கரைநண்டின் கதை இதற்கு நல்ல பாடம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மெய்ன் வளைகுடாவுக்குள் பரவியது. அங்கே சாக்ஸாடிலிஸின் நெருங்கிய உறவான லிட்டோரினா ஒப்டுசாட்டா வாழ்கிறது. 1871-இல் சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்த ஓடுகள் உயர்ந்த சுருளும் மெல்லிய சுவரும் கொண்டவை. 1980-களில் அதே பகுதியில் எடுத்தவை தட்டையானவை, தடித்தவை. ராபின் சீலி 1986-இல் இதை இயற்கைத் தேர்வின் வேகத்துக்குச் சான்றாக வெளியிட்டார். பிறகு 2000-இல் ஜெஃப்ரி டிரசல் குழுவினர் வேறொன்றைக் காட்டினார்கள். நண்டு இருந்த தண்ணீரின் வாடை பட்டாலே போதும், அதே தலைமுறையில், அதே நத்தை தன் ஓட்டைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. நூறாண்டு மாற்றத்தில் எவ்வளவு பங்கு தேர்வு, எவ்வளவு பங்கு இந்த உடனடிப் பதில் என்று பழைய ஓடுகளை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. நத்தையை எடுத்து வேறு இடத்தில் வைத்து, தலைமுறைகளாகக் காத்திருந்து, மரபணுவையும் பார்த்தால்தான் தெரியும்.

அப்படி ஒரு சோதனைக்கான வாய்ப்பு ஒரு பேரழிவால் வந்தது. 1988-இல் ஸ்வீடன், நார்வே கரைகளில் நச்சுப் பாசி ஒன்று பெருகிக் கடலை நிறைத்தது. மீன் பண்ணைகள் வரை சேதம். கோஸ்டர் பகுதியின் சிறு பாறைத்திட்டு ஒன்றில் வாழ்ந்த சாக்ஸாடிலிஸ் கூட்டமும் அழிந்தது. அலையில் நனைந்துகொண்டே இருக்கும் திட்டு அது. அங்கே இருந்தது அலை வகை. 1992-இல் யோகான்னெசன் அந்தக் காலித் திட்டில் 700 நத்தைகளைக் கொண்டுபோய் விட்டார். வேண்டுமென்றே தவறான வகை: விரிகுடாவில் பிடித்த நண்டு வகை. பிறகு இடையிடையே போய் மாதிரி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இந்த நத்தைக்கு ஆண்டுக்கு ஓரிரு தலைமுறை. முப்பது ஆண்டுகளில் குறைந்தது முப்பது தலைமுறை.

ஓடுகள் சிறுத்தன, மெலிந்தன, வாய்கள் அகன்றன. பெரும்பகுதி மாற்றம் தொடக்கத்திலேயே வேகமாக நடந்துவிட்டது. இன்று அந்தத் திட்டில் இருப்பவை பார்வைக்கு அலை வகைதான். டியேகோ கார்சியா காஸ்டில்லோ, அன்யா வெஸ்ட்ராம், யோகான்னெசன் உள்ளிட்ட குழு 2024 அக்டோபரில் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் இதை வெளியிட்டது. அவர்கள் செய்ததில் புதுமை, முன்கூட்டியே சொன்னது. சுற்றுவட்டாரத்தில் இயற்கையாக வாழும் இரண்டு வகைகளையும் அளந்து, அவற்றின் மரபணுத் தொகுதியைப் படித்து, திட்டில் ஓடு எப்படி மாற வேண்டும், எந்த மரபணு வடிவம் எந்த அளவுக்குப் பெருக வேண்டும் என்று கணித்தார்கள். பிறகு உண்மையான மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். கணிப்பும் நடந்ததும் நெருக்கமாகப் பொருந்தின. நடந்து முடிந்த பரிணாமத்துக்கு விளக்கம் சொல்வது எளிது. வரப்போவதைச் சொல்லிப் பார்க்கத் துணியும் ஆய்வுகள் குறைவு.

முப்பது ஆண்டுக்குள் இவ்வளவு மாற எங்கிருந்து சரக்கு வந்தது? புதிதாக மரபணு மாற்றம் தோன்றக் காத்திருக்க நேரமில்லை. கொண்டுவந்த 700 நத்தைகளுக்குள்ளேயே, சிறுபான்மையாக, அலைக்கேற்ற மரபணு வடிவங்கள் இருந்தன. அக்கம்பக்கத்துத் திட்டுகளிலிருந்து எப்போதாவது வந்து சேர்ந்த அலை வகை நத்தைகளும் கொஞ்சம் கொடுத்தன. இவற்றில் பல தனித்தனி மரபணுக்களாக இல்லாமல் மூட்டைகளாகக் கிடைத்தன. ரயிலின் நடுவில் சில பெட்டிகளைக் கழற்றி, மொத்தமாகத் திருப்பி மறுபடி கோத்ததுபோல, இந்த நத்தையின் குரோமோசோம்களில் பல நீண்ட துண்டுகள் சில நத்தைகளில் நேராகவும் சிலவற்றில் தலைகீழாகவும் இருக்கின்றன. நேர்த்துண்டும் தலைகீழ்த்துண்டும் ஒன்றோடொன்று மரபணுக்களை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் ஒரு துண்டுக்குள் சேர்ந்துவிட்ட பல மரபணுக்கள் கலப்பினங்களிலும் சிதறாமல் ஒன்றாகவே பிள்ளைக்குப் போகின்றன. திட்டில் பெருகியவற்றில் முக்கியமானவை இப்படிப்பட்ட துண்டுகள்.

கணிப்பு பலித்ததற்கு இந்த முன்சேமிப்புதான் காரணம் என்பதை மறக்கக் கூடாது. எந்த உயிரினத்தை எங்கே கொண்டுபோய் விட்டாலும் முப்பது ஆண்டில் சமாளித்துக்கொள்ளும் என்று இதிலிருந்து ஆறுதல் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். நண்டும் அலையும் இந்த நத்தைக்குப் பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம்.

குட்டி போடும் வழக்கமே எப்போது வந்தது என்ற கேள்வி மிச்சமிருந்தது. ஷான் ஸ்டான்கோவ்ஸ்கி தலைமையிலான குழு 2024 ஜனவரியில் சயன்ஸ் இதழில் அதற்குப் பதில் சொன்னது. முட்டையிடும் ஆர்கானாவையும் குட்டி போடும் சாக்ஸாடிலிஸையும் பல கரைகளிலிருந்து எடுத்து முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டார்கள். வம்ச மரம் வரைந்தபோது குட்டி போடுபவை எல்லாம் ஒரே கிளையில் அடங்கவில்லை. முட்டையிடுபவற்றோடு பின்னிக் கிடந்தன. ஆனால் மரபணுத் தொகுதியின் சுமார் 50 இடங்களில் மட்டும் கோடு கிழித்ததுபோல இரண்டாகப் பிரிந்தன. முட்டையா குட்டியா என்பது அந்த இடங்களில் இருக்கிறது. மாற்றங்கள் ஒரே நேரத்தில் வரவில்லை; கடந்த ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பாலூட்டிகளில் குட்டி போடுவது கோடிக்கணக்கான ஆண்டுப் பழசு, அதன் படிகள் அழிந்துபோய்விட்டன. இந்த நத்தையில் படிகள் இன்னும் தெரிகின்றன.

உறுப்பு அளவில் நடந்தது இதுதான். ஆர்கானா பெண்ணுக்கு ஜெல்லி சுரக்கும் ஒரு சுரப்பி உண்டு. முட்டைகளை அந்த ஜெல்லியில் பொதிந்து பாறை இடுக்கில் வைத்துவிட்டுப் போகும். சாக்ஸாடிலிஸில் குஞ்சுகள் வளரும் பை அதே சுரப்பியின் மாறிய வடிவம். ஜெல்லியில் பொதிந்த முட்டைக்கு ஈரம் காயாத இடுக்கு வேண்டும். பைக்குள் இருக்கும் கருவுக்கு அது தேவையில்லை. தாய் போகுமிடமெல்லாம் அதுவும் போகும். ஆர்கானா இன்றும் வடமேற்கு ஐரோப்பாவின் பாறைக் கரைகளைத் தாண்டவில்லை. சாக்ஸாடிலிஸ் பாறையில் இருக்கிறது, உப்புச் சதுப்பில் இருக்கிறது, ஆற்று முகத்தில் இருக்கிறது, அட்லாண்டிக்கின் இரு பக்கமும் இருக்கிறது. ஓட்டை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.